வைரத்தின் நிறம்: எழுத்துக்குக் காசு கொடுப்பதற்கு முன்

நான் முதன்முதலில் வாங்கிய வைரத்தை இரண்டு வருடம் கழித்து விற்கப் போனேன். அதை வாங்கிப் பார்த்த வியாபாரி மோதிரத்திலிருந்து கல்லைக் கழற்றச் சொன்னார். ஒரு வெள்ளை அட்டையை மடித்து, அந்த மடிப்புக்குள் கல்லைக் கவிழ்த்து வைத்தார். பக்கவாட்டில் பார்த்தார். அதன் மேல் மூச்சை விட்டு, பளபளப்பு மங்கிய அந்த ஒரு கணத்தில் மறுபடி பார்த்தார். "எல் வரும்" என்றார். அது கல்லின் நிறத் தரம்: டி என்றால் நிறமே இல்லை, அங்கிருந்து எழுத்து தள்ளிப் போகப் போகச் சாயல் கூடும். என் பில்லில் "ஜி-எச்" என்று எழுதியிருந்தது.

நம்பாமல் ஒரு தரச்சான்று லேபுக்கு அனுப்பினேன். அங்கிருந்தும் எல் என்றே வந்தது. கல்லில் எந்தக் குறையும் இல்லை, அழகான கல்தான். ஆனால் ஜி தரத்துக்கான விலையைக் கொடுத்து நான் எல் தரக் கல்லை வாங்கியிருந்தேன். விற்றவர் எழுதிக் கொடுத்த இரண்டு எழுத்துக்களைத் தவிர என் கையில் எந்த ஆதாரமும் இல்லை. அப்புறம் இரண்டாவது கல்லை வாங்க எனக்கு ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதத்தில் கற்றதை, எந்த வரிசையில் தெரிந்திருந்தால் நான் தப்பித்திருப்பேனோ அந்த வரிசையில் எழுதுகிறேன்.

1. நிறம் எதனால் வருகிறது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள்

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பின்னால் வரும் விலை, சான்று, ஏமாற்று எல்லாமே இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

சுத்தமான கார்பன் மட்டுமே இருந்தால் வைரத்துக்கு நிறமே இருக்காது. நிறம் மூன்று வழிகளில் வரலாம். வேற்று அணு ஏதாவது உள்ளே நுழைந்திருக்கலாம், கார்பன் அடுக்கு அழுத்தத்தில் வளைந்திருக்கலாம், அல்லது கதிர்வீச்சு பட்டு அணுக்கள் இடம் பெயர்ந்திருக்கலாம்.

நாம் சாதாரணமாகப் பார்க்கும் மஞ்சள் சாயலுக்குக் காரணம் நைட்ரஜன். பூமிக்குள் பல கோடி வருடம் சூட்டில் இருக்கும்போது, தனித்தனியாக இருந்த நைட்ரஜன் அணுக்கள் மெல்ல ஒன்றுசேர்கின்றன. இரண்டிரண்டாகச் சேர்ந்தவை கண்ணுக்கு நிறம் காட்டுவதில்லை. மூன்று நைட்ரஜன் அணுக்கள் ஒரு காலி இடத்தைச் சுற்றி அமைந்தால் அந்த அமைப்பு ஊதா ஒளியை விழுங்கிவிடும், நமக்கு மஞ்சள் தெரியும். அதனால்தான் நைட்ரஜன் நிறைய இருந்தும் வெள்ளையாகத் தெரியும் கல் உண்டு. நைட்ரஜன் சேராமல் தனித்தனி அணுவாகவே நின்றுவிட்டால் அடர்ந்த, பளிச்சென்ற மஞ்சள் கிடைக்கும். இயற்கையில் அது அரிது. நைட்ரஜன் அநேகமாக இல்லாத கற்களை 2ஏ வகை என்பார்கள், அதுவும் அரிது.

நீலம் வருவது போரானால். பத்து லட்சம் கார்பனுக்கு ஒரு போரான், சில சமயம் அதைவிடக் குறைவாக இருந்தாலே போதும், நீலம் தெரியும். அந்தக் கல் மின்சாரத்தைக்கூடக் கடத்தும். பழுப்பும் பெரும்பாலான இளஞ்சிவப்பும் கார்பன் அடுக்குகள் அழுத்தத்தில் வழுக்கி நெளிந்ததால் வருபவை. பச்சை, பூமியில் இயல்பாக உள்ள கதிர்வீச்சால் வருவது. பல கற்களில் அது மேல்தோலோடு நின்றுவிடும், பட்டை தீட்டும்போது போய்விடும்.

இதில் மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: இந்தக் காரணங்களில் பலவற்றை மனிதனும் உண்டாக்க முடியும், சிலவற்றை நீக்கவும் முடியும். 2ஏ வகைப் பழுப்புக் கல்லை உயர் அழுத்தத்திலும் உயர் வெப்பத்திலும் வைத்தால் அது வெள்ளையாகலாம். கதிர்வீச்சு கொடுத்தால் மஞ்சள் சாயல் கல் பச்சையாகவோ நீலமாகவோ மாறும். வெறும் கண்ணால் இந்த வித்தியாசம் தெரியாது. விலை வித்தியாசமோ மிகப் பெரியது.

2. எழுத்து வரிசையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

அளவுகோல் டி-யில் தொடங்கி இசட்-இல் முடிகிறது, மொத்தம் 23 எழுத்து. டி, இ, எஃப் நிறமற்றவை. ஜி முதல் ஜே வரை ஏறக்குறைய நிறமற்றவை. கே, எல், எம் லேசான சாயல் உள்ளவை. என் முதல் ஆர் வரை இன்னும் கொஞ்சம் தெளிவான சாயல், எஸ் முதல் இசட் வரை மஞ்சளோ பழுப்போ சாதாரணமாகவே தெரியும். இசட்-ஐத் தாண்டினால் அது "ஃபேன்ஸி" எனப்படும் வண்ண வைரம், அதற்கு வேறு கணக்கு.

ஒவ்வொரு எழுத்தும் ஒரு புள்ளி அல்ல, ஒரு பட்டை அகலம். ஜி-யின் கீழ்விளிம்பில் இருக்கும் கல்லும் எச்-இன் மேல்விளிம்பில் இருக்கும் கல்லும் அநேகமாக ஒன்றுதான். அதனால் இரண்டு லேப்கள் ஒரு எழுத்து மாறிச் சொன்னால் பதற வேண்டாம். மூன்று எழுத்து மாறினால் யோசிக்க வேண்டும்.

"ஜி-எச்", "எஃப்-ஜி" என்று இரட்டை எழுத்தில் சொல்லப்படும் தனிக் கல்லை நான் இனி வாங்க மாட்டேன். பக்கத்தில் பதிக்கும் பொடிக் கற்களுக்கு அப்படிச் சொல்வது வழக்கம், அதில் தப்பில்லை. நடுக்கல்லுக்கு ஒரே எழுத்து வேண்டும், அந்த எழுத்தை விற்பவர் அல்லாத ஒருவர் கொடுத்திருக்க வேண்டும்.

3. கல்லைத் தேடும் முன் உலோகத்தையும் வடிவத்தையும் முடிவு செய்யுங்கள்

நான் தலைகீழாகச் செய்தேன். முதலில் எழுத்தைப் பிடித்துக்கொண்டு, பிறகு மோதிரத்தை யோசித்தேன்.

மஞ்சள் தங்கத்தில் பதித்தால் உலோகத்தின் நிறம் கல்லுக்குள் பிரதிபலிக்கும். அங்கே டி-க்கும் ஐ-க்கும் உள்ள வித்தியாசம் கரைந்துவிடும், டி-க்குக் கொடுத்த அதிகக் காசு வீண். ஐ, ஜே, ஏன் கே கூட மஞ்சள் தங்கத்தில் நன்றாக இருக்கும். பிளாட்டினத்திலோ வெள்ளைத் தங்கத்திலோ கல்லின் சாயல் வெளியே தெரியும், அங்கே ஜி, எச் பக்கம் போகலாம்.

வடிவமும் முக்கியம். ரவுண்ட் பிரில்லியன்ட் எனப்படும் வட்ட வடிவம் ஒளியை நிறையத் திருப்பி அனுப்புவதால் நிறத்தை நன்றாக மறைக்கும். எமரால்ட் கட் போன்ற படிக்கட்டு வடிவத்தில் உள்ளே பார்க்க முடியும், நிறமும் தெரியும். குஷன் (முனை மழுங்கிய சதுரம்), ரேடியன்ட் (முனை வெட்டிய செவ்வகம்), ஓவல் போன்றவற்றில் நிறம் ஓரங்களிலும் முனைகளிலும் தேங்கி நிற்கும். கல் பெரிதாக ஆக ஒளி உள்ளே போகும் தூரமும் கூடுகிறது, ஒரே எழுத்து பெரிய கல்லில் கூடுதலாகத் தெரியும். அரை காரட்டுக்குக் கீழே அடுத்தடுத்த எழுத்துக்களைப் பிரித்துப் பார்ப்பது பழகிய கண்ணுக்கே சிரமம்.

4. கல்லைச் சரியான முறையில் பாருங்கள்

கடை விளக்குகள் கல்லை மின்ன வைப்பதற்காகப் பொருத்தப்பட்டவை. மின்னும்போது நிறம் தெரியாது. பதிக்காத கல்லைக் கேளுங்கள். மடித்த வெள்ளைத் தாளில் கவிழ்த்து வைத்து, சீரான, மெல்லிய ஒளியில் பக்கவாட்டில் பாருங்கள். லேபில் நிறத்தைத் தரம் பிரிப்பதும் இப்படிக் கவிழ்த்து வைத்துத்தான். பக்கத்தில் தரம் தெரிந்த மாதிரிக் கற்களை வைத்து ஒப்பிடுவார்கள்.

நீங்களும் ஒப்பிட்டே பாருங்கள். சான்று உள்ள ஜி, ஐ, கே மூன்றையும் ஒன்றாக வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கவிழ்த்துப் பார்த்த பிறகு நிமிர்த்தியும் பாருங்கள். கவிழ்த்தால் தெரிகிற மஞ்சள் நிமிர்த்தினால் தெரியாமல் போகும் எழுத்து எதுவோ, அதுவரை நீங்கள் இறங்கலாம். எனக்கு அது ஐ. உங்கள் கண்ணுக்கு வேறாக இருக்கலாம்.

பார்க்கும் முன் கல்லைத் துடைக்கச் சொல்லுங்கள். வைரம் எண்ணெய்ப் பசையை இழுத்துக்கொள்ளும், அழுக்குப் படிந்த கல் மங்கலாகத் தெரியும். இன்னொரு பக்கம், மஞ்சளை மறைக்க விளிம்பிலோ அடியிலோ நீலமோ ஊதாவோ துளி மை தடவுவது பழைய தந்திரம், நன்றாகக் கழுவினால் அதுவும் வெளிப்பட்டுவிடும்.

5. தாள்களைச் சரிபாருங்கள்

என் பணம் போனது இந்த இடத்தில்தான். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

விற்பவரே அச்சடித்துக் கொடுக்கும் அட்டை சான்று அல்ல. கல்லை விற்பதில் லாபம் இல்லாத, தனி நிறுவனமாக இயங்கும் லேப் கொடுத்த அறிக்கை வேண்டும். ஜி.ஐ.ஏ. (அமெரிக்க ரத்தினவியல் நிறுவனம்), ஐ.ஜி.ஐ. (சர்வதேச ரத்தினவியல் நிறுவனம்) போன்ற லேப்களின் பெயரை அடிக்கடி கேட்பீர்கள். டி முதல் இசட் வரையிலான அளவுகோலை உருவாக்கியது ஜி.ஐ.ஏ. எல்லா லேபும் ஒரே கண்டிப்போடு எழுத்துப் போடுவதில்லை. இரண்டு கல்லின் விலையை ஒப்பிட்டால், இரண்டுக்கும் ஒரே லேபின் அறிக்கை இருக்கட்டும்.

அறிக்கை கையில் வந்ததும் நான் செய்வது இதுதான். முதலில் அறிக்கை எண்ணை அந்த லேபின் இணையதளத்தில் நானே போட்டுப் பார்ப்பேன், விற்பவர் காட்டும் திரையில் அல்ல. பிறகு எடை, இரண்டு தசமம் வரை பொருந்த வேண்டும். மில்லிமீட்டர் அளவுகளும் பொருந்த வேண்டும். கல்லின் நடுவிளிம்பில், கர்டில் என்பார்கள், லேசரில் பொறித்த எண் இருந்தால் 10 மடங்கு லென்ஸில் அதைப் படிக்க வேண்டும். எல்லாக் கல்லிலும் எண் பொறித்திருப்பதில்லை. இல்லையென்றால் தனிக் கட்டணம் கட்டிப் பொறித்துக்கொள்ளலாம். சில அறிக்கைகள் இப்போது காகிதமே இல்லாமல் டிஜிட்டலாக மட்டும் வருகின்றன, அதனால் காகிதம் இல்லை என்பதற்காகச் சந்தேகப்பட வேண்டாம்.

எழுத்துக்குக் கீழே உள்ள குறிப்புகளையும் படியுங்கள். நிறம் மாற்றப்பட்ட கல் என்றால் அது அங்கே எழுதியிருக்கும். உயர் அழுத்த முறையில் நிறம் நீக்கிய கல்லின் விளிம்பிலும் அதைப் பொறித்துவிடுவார்கள். லேபில் வளர்த்த வைரமா, இயற்கை வைரமா என்பதும் அறிக்கையின் தலைப்பிலேயே தெரியும். இரண்டும் வைரம்தான், இரண்டும் கார்பன்தான், ஆனால் விலை ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதது. லேப் வைரத்தில் டி, இ, எஃப் சர்வ சாதாரணம், அந்த எழுத்துக்காக அதிகம் கொடுக்காதீர்கள். ஜி.ஐ.ஏ. 2025-இல் லேப் வைரத்துக்கு இந்த எழுத்து வரிசையைப் போடுவதையே விட்டுவிட்டது. லேப் வைரம் வாங்கினால் எழுத்தைவிடச் சாயலைக் கவனியுங்கள். சி.வி.டி. முறையில் (வாயுவிலிருந்து அடுக்கடுக்காக) வளர்த்ததில் பழுப்புச் சாயலும், எச்.பி.எச்.டி. முறையில் (உயர் அழுத்தத்திலும் உயர் வெப்பத்திலும்) வளர்த்ததில் நீலச் சாயலும் சில சமயம் தங்கியிருக்கும்.

அடுத்தது பில். "வைர மோதிரம் – 1" என்று எழுதிய பில் எதற்கும் உதவாது, "ஜி-எச்" என்று மட்டும் எழுதிய என் பில்லும் எனக்கு உதவவில்லை. பில்லில் இவை எல்லாம் எழுத்தில் வேண்டும்: இயற்கையா லேபில் வளர்த்ததா, நிறம் மாற்றப்படாததா, எடை, நிறம், கிளாரிட்டி (உள்ளே குறைகள் எவ்வளவு என்பது), லேபின் பெயர், அறிக்கை எண். அதோடு திருப்பிக் கொடுப்பதற்கான கெடு எத்தனை நாள் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். நீங்கள் கல்லை இன்னொரு லேபில் காட்டிவிட்டு வர ஆகும் நாட்களைவிட அந்தக் கெடு நீளமாக இருக்க வேண்டும். லேபின் நாள் கணக்கை முதலில் விசாரித்துவிட்டுக் கெடுவைப் பேசுங்கள். இதற்கு ஒப்புக்கொள்ளாதவரிடம் நான் மேலே பேசவில்லை.

6. விலையை இப்படிக் கணக்குப் போடுங்கள்

வைரத்தின் காரட் எடையைக் குறிக்கும், தங்கத்தின் காரட் சுத்தத்தைக் குறிக்கும். குழப்பிக்கொள்ள வேண்டாம். வைரத்தில் ஒரு காரட் 0.2 கிராம், அதன் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்.

எப்போதும் ஒரு காரட் விலையைக் கேளுங்கள், மொத்த விலையை அல்ல. வியாபாரிகள் வாராவாரம் வரும் ராப்பபோர்ட் என்ற விலைப் பட்டியலைப் பார்த்துப் பேசுவார்கள். அதில் எடை கட்டம் கட்டமாக இருக்கும்: 0.90 முதல் 0.99 வரை ஒன்று, 1.00 முதல் 1.49 வரை அடுத்தது, 1.50 முதல் 1.99 வரை அதற்கடுத்தது. கட்டம் மாறும்போது ஒரு காரட் விலையே தாவும். 0.99 காரட்டுக்கும் 1.00 காரட்டுக்கும் எடையில் 2 மில்லிகிராம்தான் வித்தியாசம், கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அந்தப் பட்டியலில் இருப்பது விற்பவர் கேட்கும் விலை, கைமாறும் விலை அல்ல. அதிலிருந்து தள்ளுபடி போட்டுத்தான் வியாபாரம் நடக்கிறது.

நிறம் இதில் எப்படி நுழைகிறது? கணக்குக்காக மட்டும், ஜி-யின் ஒரு காரட் விலை 100 என்றும் ஜே-யின் விலை 75 என்றும் வைத்துக்கொள்வோம். 1.10 காரட் ஜி கல்லுக்கு 110 ஆகும். அதே 110-க்கு ஜே-யில் 1.46 காரட் கல் கிடைக்கும். மஞ்சள் தங்க மோதிரத்துக்கு இரண்டில் எது வேண்டும் என்று இப்போது நீங்களே சொல்லலாம்.

அப்புறம் பலரும் மறந்துவிடும் செலவுகள்: கல்லைக் கழற்றி மறுபடி பதிக்கும் கூலி, எடையைப் பொறுத்து ஏறும் லேப் கட்டணம், காப்பீட்டோடு அனுப்பும் செலவு. ஜி.ஐ.ஏ. பதித்த கல்லுக்குத் தரம் போடாது, கழற்றியே ஆக வேண்டும். லேப் அறிக்கையில் விலை இருக்காது. காப்பீட்டுக்கு மதிப்பீட்டுச் சான்று தனியாக வாங்க வேண்டும்.

7. ஃப்ளோரசன்ஸ் வரியை விட்டுவிடாதீர்கள்

புற ஊதா ஒளியில் கல் ஒளிர்வதைத்தான் ஃப்ளோரசன்ஸ் என்கிறார்கள். ஒளிர்வு இல்லை என்பதில் தொடங்கி மிக வலுவானது வரை அறிக்கையில் குறித்திருக்கும். பெரும்பாலும் நீலம். மஞ்சளைத் தருகிற அதே மூன்று நைட்ரஜன் அமைப்புதான் இந்த நீல ஒளிர்வையும் தருகிறது. நீலம் மஞ்சளை அடக்கும் என்பதால், ஐ முதல் எம் வரையிலான கல் பகல் வெளிச்சத்தில் ஒரு படி வெள்ளையாகத் தெரியலாம். டி முதல் எச் வரை வலுவான ஒளிர்வு இருந்தால் சந்தையில் விலை குறையும், சில கற்களில் பால் கலந்தது போன்ற மங்கல் தெரியும் என்ற பயம் அதற்குக் காரணம். அந்த மங்கல் கொஞ்சம் கற்களில்தான் உண்டு. எனவே வெயிலில் எடுத்துப் பாருங்கள். மங்கல் இல்லையென்றால் குறைந்த விலையில் நல்ல கல் கிடைத்தது என்று வாங்குங்கள். நான் வாங்கிய இரண்டாவது கல் ஐ நிறம், மிதமான நீல ஒளிர்வு. வெயிலில் அதைப் பார்க்க எனக்குச் சலிக்கவே இல்லை.

8. வண்ண வைரம் என்றால் கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள்

டி-யிலிருந்து கீழே இறங்க விலை இறங்கும். இசட்-ஐத் தாண்டியதும் திரும்பி ஏறத் தொடங்கும். இங்கே நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு விலை. ஃபேன்ஸி லைட், ஃபேன்ஸி, ஃபேன்ஸி இன்டென்ஸ், ஃபேன்ஸி விவிட் என்று படிகள் ஏறும், டீப், டார்க் என்பவையும் உண்டு. இந்தக் கற்களுக்குக் கவிழ்த்து அல்ல, நிமிர்த்தி வைத்துத் தரம் போடுவார்கள். அதனால்தான் மஞ்சள் கற்களை ரேடியன்ட், குஷன் வடிவங்களில் தீட்டுகிறார்கள், நிறம் மேலே திரண்டு வந்து ஒரு படி கூடும்.

நிறத்தின் பெயரில் கடைசிச் சொல்தான் பிரதான நிறம். "பழுப்புக் கலந்த மஞ்சள்" வேறு, "மஞ்சள் கலந்த பழுப்பு" வேறு, விலையும் வேறு. பழுப்போ சாம்பலோ கலந்தால் பொதுவாக விலை இறங்கும். ஷாம்பெயின், காக்னாக் என்பவை பழுப்புக்கு வியாபாரம் வைத்த பெயர்கள்.

மஞ்சளும் பழுப்பும் ஓரளவு கிடைக்கும். நீலம், பச்சை, இளஞ்சிவப்பு அரிது, சிவப்பு அதைவிட அரிது. இளஞ்சிவப்புக் கற்களைப் பெருமளவில் கொடுத்துவந்த ஆஸ்திரேலியாவின் ஆர்கைல் சுரங்கம் 2020-இல் மூடப்பட்டது. 2017-இல் ஹாங்காங் ஏலத்தில் 59.60 காரட் ஃபேன்ஸி விவிட் இளஞ்சிவப்புக் கல் ஒன்று 7.12 கோடி அமெரிக்க டாலருக்குப் போனது. வண்ண வைரங்கள் ராப்பபோர்ட் பட்டியலில் இல்லாததால் ஒவ்வொரு கல்லும் தனிப் பேரம்.

இங்கே முதல் கேள்வி நிறம் இயற்கையானதா என்பதே. அறிக்கையில் "நிறத்தின் மூலம்" என்ற வரி இருக்க வேண்டும். "இயற்கை" என்று இருந்தால் மட்டும் இயற்கைக்கான விலையைக் கொடுங்கள். பச்சைக் கல்லில் சில சமயம் "தீர்மானிக்க முடியவில்லை" என்றே வரும், இயற்கைக் கதிர்வீச்சும் மனிதன் கொடுத்த கதிர்வீச்சும் ஒரே தடத்தை விடுவதால் லேபே திணறுகிறது. வண்ணக் கல்லுக்கான அறிக்கைக்குக் கட்டணமும் நாட்களும் கூடுதலாக ஆகும், அதையும் கெடுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். மேலே பூச்சுப் பூசி நிறம் ஏற்றிய கற்களும் சுற்றுகின்றன, உரசினாலும் அமிலம் பட்டாலும் பூச்சுப் போய்விடும்.

9. பதிக்கக் கொடுக்கும்போது

நிறம் ஏற்றிய கல் என்றால் பொற்கொல்லரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். கதிர்வீச்சால் நிறம் பெற்ற கல்லில் பற்றவைக்கும் தீயின் சூடு பட்டால் நிறம் மாறிவிடலாம். பிற்பாடு மோதிரத்தைப் பழுது பார்க்கக் கொடுத்தாலும் இதே எச்சரிக்கைதான்.

கொடுக்கும் முன் எடையையும் பொறித்த எண்ணையும் அவருக்கு முன்னால் படித்து, ரசீதில் எழுதி வாங்குங்கள். மோதிரம் திரும்பி வரும்போது அந்த எண்ணை மறுபடி லென்ஸில் படியுங்கள். எண் கொக்கிக்கு அடியில் மறையாமல் பதிக்கும்படி முன்கூட்டியே சொல்லி வைத்தால் இது சுலபம். அறிக்கை, பில், மதிப்பீட்டுச் சான்று மூன்றையும் படமெடுத்து, மோதிரம் இருக்கும் இடத்தில் அல்லாமல் வேறிடத்தில் வையுங்கள்.